மெல்போர்னுக்குப் போன வெள்ளித் தாயத்து

சிட்னியில் இறங்கியதும் முதலில் என் கையைவிட்டுப் போனது சுண்டைக்காய் வத்தல். விமான நிலையத்தில் நீள மேசை ஒன்றில் பையைப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். பருப்புப்பொடிக்கு ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலைப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். வத்தல் பொட்டலத்தைப் பிரித்த பெண் மட்டும், கறுத்துக் காய்ந்து கிடந்ததை உள்ளங்கையில் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்தாள். விதையா என்று கேட்கிறாள் என்று எனக்குப் பின்னால் நின்ற தமிழ்க்காரர் சொன்னார். "திங்கிறதும்மா" என்று வாயைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுத் தொட்டியில் போட்டாள். பொல்லாத பெண்ணாகத் தெரியவில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் சங்கரன்கோவிலில் நாற்பது வருஷம் வாடகைப் பாத்திரக் கடை நடத்தியவள். கல்யாணத்துக்குப் போன அண்டா திரும்பி வந்தால், நசுங்கலைப் பார்த்தே எது என் அண்டா, எது மாற்றி வைத்த அண்டா என்று சொல்லிவிடுவேன். யாரிடமும் கைநீட்டாமல் ஒரே மகளைப் படிக்க வைத்தேன். அந்த மகள் கோமதி போன வருஷம் மாசியில் மெல்போர்னில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச்சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. விசா என் கைக்கு வந்தபோது அவளை எரித்து ஒரு நாள் ஆகிவிட்டது. இப்போது முதல் வருஷத் திதிக்கு வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சரவணன் அந்த வீட்டில் இருக்கமுடியாமல் சிட்னிக்கு வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். இடத்தின் பெயர் குவேக்கர்ஸ் ஹில். வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. காலை ஏழு மணிக்கு வரிசையாகக் கார்கள் புறப்பட்டுப் போகும். பிறகு சாயங்காலம்வரை தெருவில் ஒரு குரல் கேட்காது. எங்கள் பக்கம் சாவு வீட்டில்கூட இப்படி ஓர் அமைதி இராது.

மாப்பிள்ளை பாதியாக மெலிந்திருந்தார். தானே சமைத்து எனக்குப் பரிமாறினார். ரசத்தில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கோமதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்.

"மாப்பிள்ளை, கழுத்துல தாயத்தோடதான அனுப்புனீங்க?"

"எந்தத் தாயத்து அத்தை?"

சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளிக் குழல், இரண்டு பக்கமும் வளையம், குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்கும் என்றேன். அவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"கறுத்துப்போய் இருக்குமே, அதுவா? கல்யாணமான புதுசுல ஒரு நாள் காதுகிட்ட வச்சுக் குலுக்கிட்டு இருந்தா. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சிரிச்சா." படத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்தாங்க அத்தை. அவ ஃபேன்சி நகைப் பெட்டில போட்டு வச்சேன். அந்தப் பெட்டியோட குடுத்துட்டேன்."

அந்தக் குழலுக்குள் இருந்தது கோமதியின் தொப்புள்கொடி. பிறந்த எட்டாம் நாள் காய்ந்து விழுந்ததை எடுத்து, ஆசாரியிடம் கொடுத்து, வெள்ளித் தாயத்துக்குள் வைத்து அரக்கால் மூடி, கறுப்புக் கயிற்றில் கோர்த்து அவள் கழுத்தில் கட்டினேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பிள்ளைக்குத் தீராத காய்ச்சல் வந்தால் அதை எடுத்து உரசிக் கொடுப்பார்கள். கோமதி படுக்கும்போது அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். கடக் கடக் என்று மெல்லக் கேட்கும். பல் முளைத்த காலத்தில் கடித்துக் கடித்து மூடிக்குக் கீழே ஒரு பள்ளமும் வைத்தாள். வெளிநாடு புறப்பட்டபோது பீரோவிலிருந்து எடுத்து நான்தான் கொடுத்தேன். "இதெல்லாம் யாரும்மா இப்ப போடுவா" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அவள் சாம்பலை ஊருக்குக் கொண்டுவரவா என்று மாப்பிள்ளை போனில் கேட்டபோது, வேண்டாம், அங்கேயே கடலில் கரையுங்கள் என்றேன். சாமான்களை என்ன செய்ய என்று கேட்டபோது, "போனவ சாமான் வீட்ல இருக்கக் கூடாது, ஒண்ணுவிடாம குடுத்துருங்க" என்றேன். எங்கள் வழக்கம் அது. சின்ன வயது மனிதர், அவராவது நிம்மதியாகப் பிழைத்துக் கிடக்கட்டும் என்று சொன்னேன். தாயத்து அவளோடேயே எரிந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் உடம்பிலிருந்து இந்த உலகத்தில் மிஞ்சிக் கிடந்தது அந்த ஒரு துண்டுதான். அதையும் கொடுத்துவிடு என்று சொன்னது என் வாய்.

"நீங்கதான சொன்னீங்க" என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. உள்ளே என்ன இருந்தது என்று நான் சொன்னதும் எழுந்து அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார்.

மறுநாள், மாப்பிள்ளை சொல்லிக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, அறுபது தாண்டியவள், தெருவுக்கே பரமேஸ் அன்ரி. அந்த வாரம் மெல்போர்னில் தன் தம்பி வீட்டுக்குப் போகிறவள். தம்பி வீடு கிரெய்கிபர்னில். என் மகள் குடியிருந்ததும் அங்கேதான்.

"அக்கா, என்னோட வாங்கோ. சாமான் குடுத்த கடையைத் தம்பிக்குத் தெரியும். ஞாயிறு திதிக்கு முன்னம் திரும்பியிடலாம்."

"ஒரு வருஷம் ஆச்சே பரமேசு. இருக்குமா?"

"இருக்குமெண்டு சொல்லேலாது. போய்ப் பாக்காமல் இல்லையெண்டும் சொல்லேலாது. உடுப்பை எடுத்து வையுங்கோ."

மாப்பிள்ளைக்குப் புது வேலை, திதிக்கு மட்டும்தான் லீவு. வாசலில் நின்று, "கிடைச்சா உடனே போன் பண்ணுங்க அத்தை" என்றார். 

பகல் முழுக்க ரயில். ஜன்னலுக்கு வெளியே மஞ்சளாகக் காய்ந்த புல், அதில் ஆடு, மறுபடி புல், மறுபடி ஆடு. மேய்க்கிற ஆள் ஒருவரையும் காணோம். நம் ஊரில் இத்தனை ஆடு நின்றால் இதற்குள் பத்துத் தடவை சண்டை வந்திருக்கும். பாதி வழியில் தண்டவாளத்தில் வேலை நடக்கிறது என்று எல்லோரையும் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் புறப்பட்ட பிறகுதான் புளியோதரைப் பை ரயிலிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. ரயில் வந்த வழியே சிட்னிக்குத் திரும்பிவிட்டதாம்.

"எங்களைவிடச் சோறு கெட்டித்தனம் அக்கா. வீட்டுக்குப் போயிட்டுது" என்றாள் பரமேஸ்வரி.

அடுத்த இருக்கைப் பெரியவர் பேசாமல் இரண்டு ஆப்பிளை எடுத்து நீட்டினார். இன்னொருவர் கையிலிருந்து வாங்கித் தின்று எனக்குப் பழக்கமில்லை. பரமேஸ்வரி இரண்டையும் வாங்கி ஒன்றை என் மடியில் வைத்தாள். பசித்தது, தின்றேன்.

கிரெய்கிபர்னில் தம்பி மனைவி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள். "குசினிக்குள்ளேயே வாங்கோ, கதிரையில இருந்து சூடாச் சாப்பிடுங்கோ" என்று அடுப்படி நாற்காலியைக் காட்டிக் கூப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. இதே ஊரில் என் மகள் ஆறு வருஷம் அடுப்பு எரித்திருக்கிறாள். ஒரு நாள்கூட வந்து அவள் கைச்சோறு நான் தின்றதில்லை. கடையை யார் பார்ப்பது என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டேன்.

காலையில் அந்தக் கடைக்குப் போனோம். ஆப் ஷாப் என்கிறார்கள். ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகிற பழைய சாமானை விற்று, வருகிற பணத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பார்களாம். சட்டை, செருப்பு, பீங்கான், யாருடைய கல்யாணப் படமோ சட்டத்தோடு. கல்லாவுக்கு அருகில் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. பேனாக்களைச் செருகி வைத்திருந்த எவர்சில்வர் தம்ளரில் 'சு. கோமதி' என்று இருந்தது. எங்கள் ஊரில் பேர் வெட்டுகிறவர் 'தி'யின் சுழியை எப்போதும் நீட்டிவிடுவார். அதே நீட்டல்.

கல்லாவில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஓர் ஆளின் பேர் என்று பரமேஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் பேனாக்களைக் கொட்டிவிட்டுத் தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"வேண்டாம்னு சொல்லு பரமேசு. குடுத்தது குடுத்ததுதான். நான் குடுக்காதது ஒண்ணு இருக்கு, அதைக் கேளு."

கேட்டாள். பழைய வெள்ளி வந்தால் இவர்கள் விலை போடுவதில்லையாம். மெல்போர்ன் நகரத்துக்குள் ஹெலன் என்று ஒருத்தி பழங்கால நகைக்கடை வைத்திருக்கிறாள், மாதம் ஒரு தடவை வந்து எடுத்துப் போவாள், அந்தக் குழலையும் அவள் எடுத்ததாக ஞாபகம் என்று சொன்னாள். வாசல்வரை வந்து, "கவலைப்படாதீர்கள், இங்கே நாங்கள் எதையும் வீசுவதில்லை" என்றாளாம். அன்று மத்தியானம் சொதி இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் நகரத்துக்குப் போனோம். டிராமில் இரண்டு நிறுத்தம் முந்தி இறங்கிவிட்டோம். புறப்படும்போது சுள்ளென்று வெயில், இறங்கும்போது மழை. கடை ஒரு கண்ணாடிக் கூரைச் சந்துக்குள் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது என் சேலைக்கரை முழங்கால்வரை சேறு.

ஹெலனுக்கு என் வயதுதான் இருக்கும். நரைத்த கொண்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. என் சேலைக்கரையைப் பார்த்தாள், சிரித்தாள், உள்ளிருந்து ஒரு சாமானை எடுத்து வந்தாள். வண்ணாத்திப்பூச்சி வடிவத்தில் ஓர் இடுக்கி, அதோடு இடுப்பில் மாட்டச் சங்கிலி.

"விக்டோரியா ராணி காலத்துப் பொம்பிளையள் நிலம் கூட்டுற பாவாடையெல்லோ போட்டவை. சேறு வந்தா இதாலே கரையைக் கவ்வித் தூக்கிப்போட்டு நடக்கிறதாம். பாக்கிறவைக்கு இடுப்பு நகை" என்று பரமேஸ்வரி தமிழில் சொன்னாள்.

"எங்களுக்கு இதுக்கு ரெண்டு விரல் போதும்னு சொல்லு." கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக் காட்டினேன். அந்த அம்மாளும் தன் பாவாடையை அப்படியே தூக்கிச் செருகிப் பார்த்தாள். மூன்று கிழவிகளும் சிரித்தோம். ஊர் விட்டு வந்து நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வெள்ளிப்பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே பொன்னில் பூவேலைச் சல்லடை, அதற்கடியில் பஞ்சு. வினிகர் என்கிற வாசனைக் காடியில் நனைத்து வைப்பார்களாம். இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூச்சுமுட்டி மயக்கம் வந்தால் எடுத்து முகர்வார்களாம். பஸ்ஸில் குமட்டினால் நாம் எலுமிச்சம்பழம் முகர்வோம். நம் எலுமிச்சைக்கு இவ்வளவு அழகான வீடு யாரும் கட்டவில்லை. தோட்டா மாதிரி ஒரு பொன் தொங்கலைத் திருகினாள், முனையில் பென்சில் வந்தது. இன்னொன்று இடுப்பில் மாட்டுகிற வெள்ளிக் கொக்கி. அதிலிருந்து ஐந்து சங்கிலி இறங்கியது. கத்தரிக்கோல், சாவி, தைக்கும்போது விரலில் மாட்டுகிற குப்பி, சின்ன நோட்டு, விசில்.

பாத்திரம் பார்த்துப் பழகிய கை இது. கீலைத் தடவிப் பார்த்தேன். நூற்றைம்பது வருஷம் திறந்து மூடியும் ஆட்டம் இல்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. நகைதான், ஆனால் சும்மா இருக்கிற நகை இல்லை, கூடவே வேலை பார்க்கிற நகை. நாமும் தாலிச்சங்கிலியில் ஊக்குக் கோர்த்து வைக்கிறோம். இடுப்புச் சாவிக்கொத்தில் முள்வாங்கியும் காது குடைகிற குறும்பிவாங்கியும் தொங்கவிடுகிறோம். பெண்பிள்ளை உடுப்பில் ஒரு பை வைத்துத் தைக்க எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றவில்லை போல.

கடைசியாக ஒரு லாக்கெட்டைத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் மஞ்சள் முடி, நெல்மணி பருமனில் பின்னி வட்டமாக வைத்திருந்தது.

"செத்துப்போன குழந்தைப்பிள்ளையின்ர முடியாம். அது ஆர் எண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லையாம். முடியை எடுத்துப்போட்டா சுறுக்கா வித்துப்போகுமெண்டு எல்லாரும் சொல்லினமாம். தன்னாலே ஏலாதாம். ஒருத்தியின்ர பிள்ளையெல்லோ எண்டு சொல்லுறா."

எங்களுக்கு உதிர்ந்த மயிர் தீட்டு, சோற்றில் கிடந்தால் இலையை மூடிவிடுவோம். ஆனாலும் அந்த லாக்கெட்டை நான் கையில் வாங்கி வைத்திருந்தேன். இப்படிப்பட்டவள் கையில்தான் என் பிள்ளை சாமானும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது, ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில், நீல வெல்வெட்டின்மேல், பளபளவென்று. மூடிக்குக் கீழே பள்ளம்.

விரலைக் காட்டினேன். ஹெலன் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊசிக்கூடு, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரப் பெண் யாரோ செய்வித்திருக்க வேண்டும் என்றாளாம். மூடியை இழுத்தாள். உள்ளங்கையில் மூன்று ஊசி விழுந்தது. பார்க்கிறவர்களுக்கு இதன் உபயோகம் புரியட்டும் என்று அவளே போட்டு வைத்தது.

"முன்னால உள்ள என்ன இருந்துச்சுன்னு கேளு பரமேசு."

கேட்டாள். ஹெலன் சாதாரணமாகப் பதில் சொன்னாள். பரமேஸ்வரி என் பக்கம் திரும்பவில்லை.

"என்ன சொல்லுதா?"

"அக்கா, கொஞ்சம் கதிரையில இருங்கோ."

"நின்னுக்கிட்டே கேக்கேன். சொல்லு."

"மெழுகு போல என்னவோ வைச்சு அடைச்சிருந்ததாம். உள்ளுக்குக் காஞ்சு கறுத்த ஒரு துண்டு. வேரோ, புகையிலையோ எண்டு நினைச்சாவாம். எடுத்து எறிஞ்சுபோட்டு, சுடுதண்ணியில போட்டுக் கழுவினாவாம்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "குப்பையில போட்டுட்டா அக்கா."

அவளும் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. மழைத்தண்ணீர் சேலையிலிருந்து அவள் கடைத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இவவுக்குச் சொல்லப்போறன்" என்றாள் பரமேஸ்வரி. "என்னத்தை எறிஞ்சவ எண்டு தெரிய வேணும்."

"வேண்டாம்."

"ஏன் அக்கா?"

மேசைமேல் மஞ்சள் முடி லாக்கெட் திறந்தபடி கிடந்தது. யார் பெற்றது என்றே தெரியாத பிள்ளையின் முடியை எடுக்க மனம் வராதவள் இவள். சொன்னால் இனி இவளுக்குத் தூக்கம் இராது. போனில் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. இங்கே சொல்லி என்ன.

ஹெலன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டாள்.

"உங்கட ஊரில இதை என்னத்துக்குப் பாவிக்கிறது எண்டு கேக்கிறா."

"ஊசி வைக்கத்தான்னு சொல்லு."

பரமேஸ்வரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சொன்னாள். ஹெலனுக்குச் சந்தோஷம். தன் கணிப்பு சரியென்று மேசையை விரலால் தட்டிக்கொண்டாள். விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லி, சீட்டில் போட்டிருந்தபடியே கொடுத்து வாங்கினேன். ஊசிகளையும் உள்ளே போட்டு மெல்லிய தாளில் சுற்றித் தந்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டில் ஒரு மெழுகுவத்தி கேட்டு வாங்கி, உருக்கி ஊற்றி மூடியை அடைத்தேன்.

"ஊசியை எடுக்கேல்லையோ அக்கா?"

"இருக்கட்டும்."

 என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எங்களுக்கு வீடும் போச்சு, அம்மாவின்ர படமும் போச்சு. எதை விட்டுட்டு ஓடினனாங்கள் எண்டே பிறகுதான் ஒவ்வொண்டா ஞாபகம் வரும். அழுறதெண்டா அழுங்கோ" என்றாள்.

"வரலை பரமேசு."

"பிறகு வரும்" என்றாள். அதை ஆறுதல் என்று சொல்லமுடியாது.

திரும்பி வந்தது ராத்திரி ரயில், எங்கேயும் இறக்கி ஏற்றவில்லை. விடிந்ததும் அதே புல், அதே ஆடு. மாப்பிள்ளைக்கு நான் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வருவதற்குள் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, கோமதி படத்துக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிடைக்கலையா அத்தை?"

தாளைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். பளபளப்பைப் பார்த்துத் திகைத்தார். கடைக்காரி தேய்த்திருக்கிறாள் என்றேன். பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, நான் நினைத்தபடியே, மெல்லக் காதோரம் கொண்டுபோய் ஒரு தடவை குலுக்கினார்.

"இருக்கு அத்தை" என்றார். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நம்ம கோமதி இருக்கா."

கொடி கடக் கடக் என்றுதான் கேட்கும். இது கிணுங் கிணுங் என்று கேட்டது. அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போய் ஒரு வருஷம் ஆகிறது.

"இருக்கு மாப்பிள்ளை" என்றேன். "கை கழுவிட்டு வாங்க. ரசம் ஆறுது."